சிறுநில உழவரும் பாசன நீரும்

ஓர் ஏரி நிறைந்திருக்கிறது. அதன்கீழ் விளைநிலம் விரிந்து கிடக்கிறது. அந்த ஏரி நீரைக்கொண்டு எத்தனை ஏக்கரில் பயிரிடலாம்? இவ்வினாவைப் பள்ளி மாணவர் ஒருவரிடம் கேட்டால், ஏரியில் உள்ள நீரை ஓர் ஏக்கர்ப் பயிருக்கு வேண்டிய நீரால் வகுத்து உடனே விடை கூறிவிடுவார். கணக்கு என்ற அளவில் அவ்விடை சரியே. ஆனால், அந்த விடையைக் கையில் ஏந்தி, மதகிலிருந்து வாய்க்காலோரமாகவே கடைமடை வரையில் நடந்து பாருங்கள். கணக்கின்படி நெல் விளைய வேண்டிய இடத்தில் பல ஊர்களில் வெடித்த நிலமே கிடக்கக் காண்பீர்கள். கணக்கு எங்கே பிழைத்தது? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

ஒரு நாட்டில், அல்லது ஓர் ஆற்றுப் படுகையில், எவ்வளவு நிலத்துக்குப் பாசன வசதி செய்து தர இயலும் என்பதைப் பாசன வாய்ப்பளவு என்று கூறலாம். அதனைக் கணிக்க முற்படும் அறிஞர் முதலில் நிலத்தைப் பார்க்கின்றனர். நிலம் பெரிதும் சரிந்திருத்தல் கூடாது. மண் உவர்ப்பேறியதாக இருத்தல் கூடாது. வேண்டாத நீர் வடிந்து செல்ல வழி இருத்தல் வேண்டும். அடுத்து நீரைப் பார்க்கின்றனர். ஆறு ஆண்டுதோறும் கொணர்வது எவ்வளவு, மழை தருவது எவ்வளவு, நிலத்தடியில் ஊறுவது எவ்வளவு என்று கணக்கெடுக்கின்றனர். மூன்றாவதாகப் பயிரின் தேவையைப் பார்க்கின்றனர். வெயிலும் வெப்பமும் காற்றும் காற்றின் ஈரமும் சேர்ந்து ஒரு நாளில் நிலத்திலிருந்தும் இலையிலிருந்தும் எவ்வளவு நீரை ஆவியாக்கும் என்பதைக் கணிக்க, இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பென்மன் என்னும் அறிஞர் 1948-ஆம் ஆண்டில் ஒரு சூத்திரம் கண்டார். பிற்காலத்தில் திருத்தம் பெற்ற அச்சூத்திரமே உலகெங்கும் இன்று பின்பற்றப்படுகிறது.

இம்மூன்று கணக்குகளும் இன்றியமையாதவை. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் ஆப்பிரிக்கக் கண்டத்தின் பாசன வாய்ப்பளவை இம்முறையில் ஆராய்ந்து 1997-இல் ஒரு நூல் வெளியிட்டது. நாடு நாடாக எண்ணாமல், ஆற்றுப் படுகை படுகையாக எண்ணியது அந்நூலின் சிறப்பு. ஓர் ஆறு பல நாடுகளின் வழியே ஓடும்பொழுது, ஒவ்வொரு நாடும் அந்த ஆற்று நீர் முழுவதும் தனக்கே உரியதுபோல் கணக்கெழுதிக்கொண்டால், ஒரே நீர் பலமுறை எண்ணப்பட்டுவிடும் அன்றோ? நைல் ஆற்றுப் படுகையில் இந்த இடர் தெளிவாகத் தெரிகிறது. தகுதியுள்ள நிலத்தை மட்டும் எண்ணினால், அதற்கு வேண்டிய நீர் நைல் கொணரும் நீரையே மிஞ்சிவிடுகிறது. இவற்றையெல்லாம் சீர்தூக்கி, ஆப்பிரிக்கா முழுவதிலும் 4 கோடியே 25 லட்சம் ஹெக்டேர் நிலத்துக்குப் பாசனம் செய்ய வாய்ப்புண்டு என அந்நூல் மதிப்பிட்டது. ஆசியாவில் பயிரிடப்படும் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாசனம் பெறுகிறது. சகாராப் பாலைக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளிலோ நூற்றுக்கு ஐந்து பங்களவிலேயே பெறுகிறது. ஆகவே அம்மதிப்பீடு பலருக்கும் நம்பிக்கை அளித்ததில் வியப்பில்லை.

ஆயினும், வாய்ப்பளவு என்பது தாளில் உள்ள எண். அது வயலில் விளைச்சலாக மாறுவதற்கு நான்காவது கணக்கு ஒன்று வேண்டும். அதனை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்குவேன்.

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரங்குல உயரத்துக்கு நீர் நிற்குமானால், அதன் அளவு ஏறத்தாழ 1 லட்சத்து 3 ஆயிரம் லிட்டர். ஓர் அடி உயரம் நின்றால் ஏறத்தாழ 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர். இதனை ஏக்கர் அடி என்பர். ஓர் ஏரியில் 1,000 ஏக்கர் அடி நீர் இருப்பதாகக் கொள்வோம். ஒரு போகம் நெல்லுக்கு வயலில் 4 அடி நீர் வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். அவ்வாறாயின் 250 ஏக்கர் பயிரிடலாம். ஆனால் வாய்க்கால் தூர்ந்தும் கரை உடைந்தும் கிடப்பதால் பாதி நீர் வழியிலேயே போய்விடுகிறது என்றால், 125 ஏக்கரே மிஞ்சும். தலைமடையில் உள்ளோர் அச்சத்தினாலோ பழக்கத்தினாலோ 4 அடிக்குப் பதிலாக 6 அடி பாய்ச்சிக்கொண்டால், 83 ஏக்கர்தான் தேறும். கசிந்த நீரில் ஒரு பகுதி கீழேயுள்ள கிணறுகளில் மீண்டும் ஊறக்கூடும் என்பது உண்மையே. எனினும், 250 என்று எழுதிய எண் 83 ஆகக் குறைந்தபொழுது ஏரியில் ஒரு துளியும் குறையவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். குறைந்தது வாய்க்காலின் பராமரிப்பும், அவ்வாய்க்காலை நம்பி வாழும் மக்களிடையே இருக்க வேண்டிய ஒழுங்குமே. இந்த இழப்பு எல்லோர்மீதும் சமமாக விழுவதில்லை. தலைமடை உழவர் ஒரு போகத்தையும் இழப்பதில்லை; கடைமடையில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறுநில உழவரே அதனை முழுதும் சுமக்கின்றார்.

இந்த நான்காவது கணக்கை ஆராய்ச்சியாளர் கற்றுக்கொண்ட இடங்களுள் தலையாயது, இலங்கையின் கிழக்குப் பகுதியில் உள்ள கல்லோயா. தமிழ் மக்கள் பட்டிப்பளையாறு என வழங்கும் ஆறு அது. இலங்கை விடுதலை பெற்ற அடுத்த ஆண்டாகிய 1949-இல், அவ்வாற்றின் குறுக்கே இங்கினியாகலை என்னுமிடத்தில் அணைகட்டும் பணி தொடங்கியது. அவ்வணையால் உருவான சேனநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கம் அந்நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கமாகும். அதன்கீழ்க் காடழித்து நிலமற்ற குடும்பங்களைக் குடியமர்த்தினர். அக்குடியேற்றம் குறித்துத் தமிழ் மக்களுக்கு ஆழ்ந்த மனக்குறை உண்டு. 1956-ஆம் ஆண்டில் அப்பகுதியில் தமிழருக்கு எதிராக மூண்ட கலவரத்தில் பலர் உயிரிழந்தனர். இதனை நினைவிற்கொண்டால்தான், பின்னர் அங்கு நடந்தவற்றின் பெருமை விளங்கும்.

கல்லோயாவின் இடக்கரைப் பாசனத்தில் வாய்க்கால்களின் மேற்பகுதியில் இருந்தோர் பெரும்பாலும் சிங்கள உழவர். கீழ்ப்பகுதியில் இருந்தோருள் தமிழ் உழவர் பலர். அங்கே நெல் இருபோகம் விளையும். பெரும்போகத்துக்கு வடகீழ்ப் பருவமழை துணைசெய்யும். சிறுபோகமோ கோடையில் வருவது. அதற்குத் தேக்கத்து நீரே கதி. 1970-களின் முடிவில் அந்த இடக்கரைப் பாசனம் நாட்டிலேயே மிகவும் சீர்கெட்டது எனப் பெயர்பெற்றிருந்தது. வாய்க்கால்கள் தூர்ந்திருந்தன, மதகுப் பலகைகள் உடைந்தும் களவுபோயும் இருந்தன. ஏட்டில் பதிந்த பரப்பைக் காட்டிலும் மிகுதியான நிலம் உண்மையில் பயிரிடப்பட்டு வந்தது. சிறுபோகத்தில் கடைமடைக்கு நீர் எட்டுவதேயில்லை. தங்களுக்குள் ஒத்துழையாதவர்கள் என்று உழவரைப் பொறியாளர் குறைகூறினர். வாக்களித்த நாளில் நீர் விடாதவர்கள் என்று பொறியாளரை உழவர் குறைகூறினர்.

அந்நிலையில், 1980-ஐ ஒட்டி, வெளிநாட்டு உதவியுடன் வாய்க்கால்களைச் செப்பனிடும் திட்டம் ஒன்று அங்கே வகுக்கப்பட்டது. அதனோடு ஓர் ஆராய்ச்சியும் சேர்ந்தது. இலங்கையின் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதனை மேற்கொண்டன. பட்டம் பெற்றும் வேலையற்றிருந்த, உழவர் குடியிற் பிறந்த இளைஞர்களையும் பெண்களையும் தேர்ந்து பயிற்சியளித்து, 1981-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வாய்க்கால் ஊர்களுக்கு அனுப்பினர். அவர்கள் அலுவலகத்தில் அமர்ந்து ஆணையிடவில்லை. உழவர்களிடையே தங்கி, வரப்பு வரப்பாக நடந்து, வீடு வீடாகச் சென்று, ஒவ்வொருவருடைய இடர்ப்பாட்டையும் கேட்டறிந்தனர். சங்கம் வேண்டும், தலைவர் வேண்டும், சட்டதிட்டம் வேண்டும் என்று அவர்கள் தொடங்கவில்லை. ஒரு கிளை வாய்க்காலில் பத்து முதல் இருபது குடும்பங்கள் இருக்கும். அவர்களை ஒன்றுகூட்டி, 'நம்மால் இப்பொழுதே, பணமின்றிச் செய்யக்கூடியது யாது?' என்று மட்டும் கேட்டனர்.

அந்த ஆண்டுச் சிறுபோகத்தின்போது தேக்கத்தில் காற்பங்கு நீரே இருந்தது. புதுமுயற்சிக்கு இதைவிடக் கெட்ட வேளை வேண்டா என்றே பலரும் எண்ணியிருப்பர். ஆனால், தட்டுப்பாடே மக்களை ஒன்றுசேர்த்தது. ஆண்டுக்கணக்கில் வாராமற்கிடந்த வாய்க்கால்களை உழவர்கள் சிரமதானமாகத் தூர்வாரினர். முறைவைத்து நீர் பாய்ச்சத் தலைப்பட்டனர். சில குழுக்கள் தங்களுக்குரிய நீரிலும் மிச்சம்பிடித்துக் கீழ்மடைக்கு அனுப்பின. இம்மூன்றில் ஒன்றையோ பலவற்றையோ ஆறே வாரங்களில் பத்தில் ஒன்பது பங்கு உழவர்கள் மேற்கொண்டனர் என்று, அவ்வாராய்ச்சியில் ஈடுபட்ட நார்மன் அப்ஹாஃப் என்னும் பேராசிரியர் எழுதியிருக்கிறார். மேல்மடைச் சிங்கள உழவர் விட்டுக்கொடுத்த நீர், கீழ்மடைத் தமிழ் உழவரின் வயலுக்கும் சென்றது.

இது எவ்வாறு இயன்றது? முன்பு இரவில் மடையை உடைத்து நீர் எடுத்தவர்கள் ஒரே போகத்தில் நல்லவர்களாகி விட்டனரா? அவ்வாறு கொள்ளுதல் பொருந்தாது. அடுத்த முறை நீர் எப்பொழுது வரும் என்பது தெரியாத உழவர், வந்தபொழுதே வயலை நிரம்பக் கட்டிவைக்கின்றார். அவருடைய நிலையில் அது பேராசை அன்று, முன்னெச்சரிக்கை. நாளை மறுநாள் காலை உறுதியாக நீர் வரும் என்று தெரிந்துவிட்டால், தேவைக்குமேல் பாய்ச்ச வேண்டிய காரணம் அவருக்கு இல்லை. ஆகவே, நம்பத்தக்க முறைவைப்பு ஒன்றே பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும். மற்றப் பாதியைத் தீர்த்தது முகமறிதல். கடைமடையில் நீரின்றித் தவிப்பவர் யாரோ ஒருவராக இருந்தவரையில், அவருடைய தவிப்பு எவருக்கும் தெரியவில்லை. கூட்டத்தில் எதிரே அமர்ந்து அவர் தம் குறையைச் சொல்லியபின், அதனை அறியாததுபோல் இருப்பது கடினமாயிற்று.

குழுவின் பேராளரைத் தேர்ந்தெடுத்த முறையும் கருதத்தக்கது. வாக்கெடுப்பு வைத்தால் ஊர் இரண்டு கட்சியாகப் பிரியும் என அஞ்சி, எல்லோரும் ஒப்பும் ஒருவரைக் கலந்துபேசித் தெரிவுசெய்தனர். அவர் ஊதியமின்றித் தொண்டாற்றினார். கிளை வாய்க்கால் பேராளர்கள் கூடிப் பெருவாய்க்கால் அளவிலும், பின்னர்த் திட்டம் முழுவதும் தழுவிய குழுவிலும் பொறியாளருடன் சமமாக அமர்ந்து பேசினர். சில ஆண்டுகளில் அங்கே நீரைப் பயன்படுத்தும் திறன் ஏறத்தாழ இருமடங்காயிற்று. பாசனத் திட்டங்களின் நிர்வாகத்தில் உழவர் அமைப்புகளுக்கும் பங்கு தருவதை இலங்கை அரசு 1988-இல் தன் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது.

இவ்வொழுங்கு நிலைத்ததா என்பதே ஆராய்ச்சியாளர் கேட்க வேண்டிய அடுத்த வினா. வெளியாரின் ஊக்கத்தால் தொடங்கியவை அவர்கள் சென்றபின் வாடிவிடுவதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறோம். கல்லோயாத் திட்டம் 1985-இல் முடிந்தது. 1997-ஆம் ஆண்டுச் சிறுபோகத்தின்போது தேக்கத்தின் நீர்மட்டம் மிகவும் தாழ்ந்துவிட்டது. நெற்பயிருக்கு அந்நீர் போதாது என உழவர்களிடம் கூறப்பட்டது. உழவர் அமைப்புகள் தளரவில்லை. உள்ள நீரை எல்லோருக்கும் பகிர்ந்து, 65,000 ஏக்கரில் பயிரிட்டு, வழக்கமான போகத்தைவிட மேலான விளைச்சல் கண்டன. நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அக்காலத்திலும் மேல்மடைச் சிங்கள உழவருக்கும் கீழ்மடைத் தமிழ் உழவருக்கும் இடையே நீர் நேர்மையாகப் பங்கிடப்பட்டது. இதனை அப்ஹாஃப் அவர்களும் இலங்கை ஆராய்ச்சியாளர் விஜயரத்ன அவர்களும் 2000-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக எழுதினர்.

ஆப்பிரிக்காவின் வாய்ப்பளவு 4 கோடியே 25 லட்சம் ஹெக்டேர் என்று அச்சேறியதும் இதே 1997-ஆம் ஆண்டில்தான். ஒருபுறம் மண்ணையும் நீரையும் அளந்து ஒரு கண்டத்துக்கே கணக்கிட்டனர். மறுபுறம், நீர் போதாது என்று கணக்குக் கூறிய இடத்தில், பகிர்ந்துகொள்ளத் தெரிந்த மக்கள் அந்தக் கணக்கை மாற்றி எழுதினர். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. முதற்கணக்கு இல்லாவிட்டால் எங்கே அணைகட்டுவது, எங்கே கிணறு தோண்டுவது என்பதே தெரியாது. இரண்டாவது கணக்கு இல்லாவிட்டால், கட்டிய அணையின்கீழ்க் கடைமடை காய்ந்துகிடக்கும்.

இதனை ஒரு மந்திரமாகக் கொண்டுவிடுதலும் கூடாது. கல்லோயாவிலேயே குறைகள் இருந்தன. ஊர்களில் தங்கிப் பணியாற்றிய இளைஞர்களுக்கு நிலையான வேலை உறுதி செய்யப்படவில்லை. ஆகவே அவர்களுட் பலர் நிலையான வேறு வேலை கிடைத்ததும் சென்றுவிட்டனர். பொதுவாக இத்தகைய அமைப்புகளில் நிலத்தின் பெயருக்குரியவரே உறுப்பினராவதால், வயலில் உழைக்கும் பெண்களின் குரல் கூட்டத்தில் எழாமலே போவதுண்டு. அரசு, வாய்க்காலின் சுமையை மட்டும் உழவர்மீது இறக்கிவிட்டு, நீர் திறக்கும் அதிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளுதலும் பல நாடுகளில் உண்டு. பொறுப்பை ஒருவரிடமும் உரிமையை மற்றொருவரிடமும் வைத்தால் எந்த அமைப்பும் நெடுநாள் நில்லாது. மேலும், கிணறும் குழாய்க் கிணறும் எந்திரமும் பெருகிவிட்ட இக்காலத்தில், பங்கிட வேண்டிய நீர் கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தடியில் இருக்கிறது. வாய்க்காலில் அண்டை வீட்டார் எடுக்கும் நீரைக் காணலாம். அவருடைய குழாய்க் கிணறு எடுப்பதைக் காண இயலாது. அதற்கேற்ற ஒழுங்கைக் கண்டறிவது இனிவரும் ஆராய்ச்சியாளரின் கடமை.

அந்த ஆராய்ச்சியாளர் நீங்களாகவும் இருக்கலாம். இதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. உங்கள் ஊர் வாய்க்காலில், நேராக ஓடும் ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு, கரையில் 10 மீட்டர் தொலைவை அளந்து இரண்டு குச்சிகளை நடுங்கள். மேற்குச்சியின் நேரே ஒரு சிறு மரத்துண்டை மிதக்கவிட்டு, அது கீழ்க்குச்சியை அடைய எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். 20 விநாடியானால், மேற்பரப்பின் வேகம் விநாடிக்கு அரை மீட்டர். அடியிலும் கரையிலும் நீர் மெதுவாக ஓடுமாதலால், அதில் பத்தில் எட்டுப் பங்கைக் கொள்ளுங்கள். வாய்க்கால் 1 மீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உடையதாயின், விநாடிக்கு 120 லிட்டர் ஓடுகிறது என்று தெரியும். ஒரு மணி நேரத்தில் அது 4 லட்சத்து 32 ஆயிரம் லிட்டர் ஆகும். ஏறத்தாழ 4 ஏக்கருக்கு ஓரங்குல நீர் கட்ட அது போதும். அதே நாளில் வாய்க்காலின் கடைசியிலும் அவ்வாறே அளந்து பாருங்கள். இடையே உள்ள வயல்கள் எடுத்தது போக எவ்வளவு குறைகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அளந்து முடித்ததும் வீடு திரும்பிவிடாதீர்கள். கடைமடையில் வயல் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைக் கண்டு, கடந்த பத்தாண்டுகளில் எத்தனை போகம் அவருக்கு நீர் வந்தது என்று கேளுங்கள். வராத ஆண்டுகளில் அவர் என்ன செய்தார், யாரிடம் கடன்பட்டார், பிள்ளைகள் எங்கே வேலைக்குப் போயினர் என்றும் பொறுமையாகக் கேளுங்கள். பிறகு தலைமடைக்குச் சென்று, அங்குள்ளவர் ஏன் மிகுதியாகப் பாய்ச்சுகின்றார் என்பதையும் அதே பொறுமையுடன் கேளுங்கள். முதல் அளவையை நீங்கள் மிதக்கவிட்ட மரத்துண்டு தந்துவிடும். இரண்டாவது அளவை, கடைமடையில் நின்று காதுகொடுத்துக் கேட்பவருக்கே கிட்டும். இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிவைத்தால், உங்கள் ஊர் வாய்க்காலின் உண்மையான பாசன வாய்ப்பளவு அதுவே ஆகும்.